கடைசியில் திறந்த ஒன்றாம் வகுப்பு

2021ஆம் ஆண்டு போகியன்று, ஜனவரி 13, தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ‘மாஸ்டர்’ வெளியானது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2020 நவம்பர் 10 அன்று, பாதி இருக்கைகளோடு திரையரங்குகள் திறந்துவிட்டன. டாஸ்மாக் கடைகள் அதற்கும் ஆறு மாதம் முந்தி. படம் வெளியாகி ஆறு நாள் கழித்து, ஜனவரி 19 அன்று, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தன. ஒன்றாம் வகுப்பு? அது 2021 நவம்பர் 1 வரை பூட்டியே கிடந்தது. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை, இரண்டாம் வகுப்பில் பாதி ஆண்டு போன பிறகுதான் முதன்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்தது.

கொரோனா காலத்தில் உலகம் முழுக்க ஒரே சண்டைதான்: ஆன்லைன் வகுப்பா, நேரடி வகுப்பா? பெற்றோர் இரண்டுபட்டார்கள், மருத்துவர்கள் இரண்டுபட்டார்கள், ஆசிரியர் சங்கங்களும் அரசுகளும் மோதிக்கொண்டன. அன்று ஆளாளுக்கு ஊகத்தில் பேசினோம். இன்று கையில் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: ‘ஆன்லைனா, நேரடியா’ என்ற கேள்வி, வீட்டுக்கு வீடு கணினியும் இணையமும் இருந்த ஒருசில நாடுகளுக்குத்தான் பொருந்தும். நம்முடைய கேள்வி வேறாக இருந்திருக்க வேண்டும். எந்தக் குழந்தைக்கு முதலில் பள்ளி வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். அதை நாம் கேட்கவில்லை. நமக்குப் பதிலாகப் பொதுத்தேர்வு முடிவு செய்தது.

பழைய கதை இரண்டு

பள்ளியை மூடுவதா வேண்டாமா என்ற தகராறு கொரோனாவோடு பிறந்ததல்ல. 1918 இன்ஃபுளுவென்சா காலத்தில் அமெரிக்க நகரங்கள் பெரும்பாலும் பள்ளிகளை மூடின. நியூயார்க் மூடவில்லை. அந்நகரின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட் சொன்ன காரணம் இன்றும் யோசிக்கத்தக்கது. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானோர் காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசல் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடமோ விசாலமானது, அங்கே தினமும் செவிலியர் பார்ப்பார், காய்ச்சல் கண்டால் உடனே தெரிந்துவிடும். வீட்டைவிடப் பள்ளியே பாதுகாப்பு என்பது அவர் வாதம். சிகாகோவும் அதே வழியில் போனது.

அதே சிகாகோ 1937 செப்டம்பரில், இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்து வானொலியில் பாடம் நடத்தியது. ஆறு வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கின. நாளிதழ்கள் அன்றாடப் பாட அட்டவணையை அச்சிட்டன. சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண் தந்து ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். சுமார் 3,15,000 பிள்ளைகளுக்கான ஏற்பாடு. தொலைவழிப் பள்ளியின் முதல் பெரிய சோதனை என்று இதைச் சொல்லலாம். அன்று எழுந்த குறைகளும் நமக்குப் பழகியவைதான்: சில வீடுகளில் வானொலி இல்லை, சில இடங்களில் அலை சரியாகக் கிடைக்கவில்லை, மெதுவாகப் படிக்கும் பிள்ளையால் ஈடுகொடுக்க முடியவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்தப் பாடங்கள் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமானவை. ஒன்றும் இரண்டும் படிக்கிற குழந்தைக்கு வானொலியில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

தெரியாத நோயும் தெரிந்த பயமும்

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதைக் குற்றம் சொல்ல முடியாது. புதிய கிருமி, மருந்தில்லை, தடுப்பூசி இல்லை. ஃபுளூ காய்ச்சலைப் பரப்புவதில் குழந்தைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது மருத்துவ உலகம் அறிந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். யுனெஸ்கோ கணக்குப்படி ஏப்ரல் மாதத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். மூடுவதில் உலகமே ஒன்றாக நின்றது. திறப்பதில்தான் வழிகள் பிரிந்தன.

டென்மார்க் ஏப்ரல் 15 அன்றே திறந்தது. அதுவும் யாருக்கு? மழலையருக்கும் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கும். சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்தவரை வெளியே உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். நார்வே அதே மாதக் கடைசியில் முதல் நான்கு வகுப்புகளைத் திறந்தது. சுவீடன் பதினாறு வயதுக்குட்பட்டோரின் பள்ளிகளை மூடவே இல்லை. மேல்நிலை வகுப்புகளை மட்டும் தொலைவழிக்கு மாற்றியது. தானாகப் படிக்கக்கூடியவன் வீட்டில் இருக்கட்டும், முடியாதவன் பள்ளிக்கு வரட்டும் என்ற கணக்கு.

சுவீடன் தந்த தரவுகளை இரு தரப்பாரும் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக் காட்டினார்கள். திறப்பை ஆதரித்தவர்கள் காட்டியது இது: 2020 மார்ச் முதல் ஜூன் வரை, பதினாறு வயது வரையிலான 19.5 லட்சம் குழந்தைகளில் கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 15 பேர். அந்நோயால் இறந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. எதிர்த்தவர்கள் காட்டியது வேறு ஆய்வு. திறந்திருந்த கீழ்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு, வீட்டிலிருந்து பாடம் நடத்திய மேல்நிலை ஆசிரியர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தொற்று. பெற்றோரிடையே கூடுதல் இருந்தது, ஆனால் சிறிதளவே. இரண்டையும் சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிறது. குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. அபாயம் ஆசிரியர் தலையில் விழுந்தது. ஆசிரியர் சங்கங்களை வெறும் சோம்பேறிகளின் கூட்டமாகக் காட்டியவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் படித்திருக்கவில்லை.

திறப்பது எப்படி என்பதும் முக்கியம். இஸ்ரேல் 2020 மே மாதம் பள்ளிகளைத் திறந்தது. பத்து நாள் கழித்து ஜெருசலேமில் ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியில் தொற்று வெடித்து, 153 மாணவர்களையும் 25 பணியாளர்களையும் பிடித்தது. கடும் வெயில் அலை என்று முகக்கவசத்துக்கு விலக்கு அளித்திருந்தார்கள், ஜன்னல்களைச் சாத்தி ஏசியைப் போட்டிருந்தார்கள், வகுப்பறைகளோ நெரிசல். டென்மார்க்கின் திறந்தவெளி வகுப்புக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், ‘நேரடிக் கல்வி’.

அமெரிக்காவில் இந்த விவாதம் கெட்டுப்போன விதம் தனிக்கதை. 2020 ஜூன் கடைசியில் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம், பிள்ளைகள் நேரில் பள்ளியில் இருப்பதையே இலக்காகக் கொள்ளுங்கள் என்றது. ஜூலை முதல் வாரத்தில் அதிபர் டிரம்ப் பள்ளிகளைத் திறந்தே ஆகவேண்டும் என்று ட்விட்டரில் முழங்கினார். அவ்வளவுதான், மருத்துவக் கேள்வி கட்சிக் கேள்வியாகிவிட்டது. எந்த மாவட்டம் பள்ளியைத் திறக்கும் என்பதை அங்குள்ள தொற்று எண்ணிக்கையைவிட டிரம்புக்கு விழுந்த வாக்கு விகிதம் நன்றாகக் காட்டிக்கொடுத்தது என்று அப்போதே ஆய்வாளர்கள் கண்டுசொன்னார்கள். சிகாகோவில் ஆசிரியர் சங்கமும் நகர நிர்வாகமும் 2021 ஜனவரியிலும் 2022 ஜனவரியிலும் மோதிக்கொண்டன. வானொலிப் பள்ளி நடத்திய அதே சிகாகோ.

படிப்பு எவ்வளவு போயிற்று

தொலைவழிக் கல்விக்கு ஆகச் சாதகமான களம் எது என்று தேடினால் நெதர்லாந்தைத்தான் சொல்ல வேண்டும். வீடுதோறும் அகலக்கற்றை இணையம், நல்ல பள்ளிகள், எட்டே வாரம்தான் மூடல். அங்கேயே, மூடலுக்கு முன்னும் பின்னும் நடந்த தேசியத் தேர்வுகளை ஒப்பிட்ட ஆய்வு, பிள்ளைகள் வீட்டிலிருந்த காலத்தில் ஏறக்குறைய எதையும் புதிதாகக் கற்கவில்லை என்று சொன்னது. குறைவாகப் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். பள்ளிகளை மூடாத சுவீடனிலோ தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் குறைந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 49 மாநிலங்களைச் சேர்ந்த 21 லட்சம் மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. நீண்டகாலம் தொலைவழியில் ஓடிய இடங்களில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அதிகம் இழந்தன. நேரடி வகுப்பு நடந்த இடங்களில், கணக்கைப் பொறுத்தவரை, ஏழைப் பள்ளிக்கும் வசதிப் பள்ளிக்கும் உள்ள இடைவெளி பெரிதாக விரியவில்லை. அதற்காக எல்லா இழப்பையும் ஆன்லைன் தலையில் கட்டிவிட முடியாது. பள்ளிகளைச் சீக்கிரமே திறந்த ஃபுளோரிடாவிலும் 2022 தேசியத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் சரிந்தது. நெடுநாள் மூடியிருந்த லாஸ் ஏஞ்சலீஸில் எட்டாம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண் ஏறியது. வேலை போன அப்பா, இறந்துபோன பாட்டி, வீட்டுக்குள் புகுந்த பயம் எல்லாமே படிப்பைத் தின்றிருக்கும். கதவு திறந்திருந்த பள்ளியில் உட்கார்ந்த பிள்ளையும் கொரோனா காலத்துப் பிள்ளைதானே.

இந்த ஆய்வுகளை அப்படியே தூக்கிவந்து இந்தியாவில் பேசுவதுதான் நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களின் பெரிய கோளாறு. அங்கே ஒப்பிட்டது ஆன்லைன் பள்ளியையும் நேரடிப் பள்ளியையும். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருந்தது ஆன்லைன் பள்ளி அல்ல, பள்ளியே இல்லாத நிலை. பொருளியலாளர்கள் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடியிருப்புகளில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சந்தித்து எடுத்த கணக்கெடுப்பு இதை அப்பட்டமாகக் காட்டியது. கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே அடியோடு நின்றுபோனவர்கள் 37 சதவீதம். நகரங்களில் முறையே 24, 19. கிராமத்துத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் வெறும் 4 சதவீதம்.

போன் வாங்கிக்கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். வாங்கத்தான் செய்தார்கள். கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். மூன்றே ஆண்டில் இத்தனை குடும்பங்கள் கடனையோ உடனையோ வாங்கிப் போன் எடுத்திருக்கின்றன. ஆனால் போன் இருந்த வீடுகளிலும் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கையில் கிடைக்கவே இல்லை. காலையில் அப்பாவோடு வேலைக்குப் போன போன் இருட்டியபின் வீடு திரும்பும். அதற்குள் வகுப்பும் முடிந்திருக்கும், அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் போன் யாருக்கு என்ற பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஜெயித்தது பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவர்.

தமிழ்நாடு செய்தது

தமிழ்நாடு வெறுங்கையோடு கொரோனாவைச் சந்திக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கப்பட்டிருந்தது. மேல்நிலை மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் 2011 முதல் இருந்தது. எத்தனையோ அரசுப் பள்ளி ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே தெருவுக்கு வந்து கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினார்கள். பக்கத்துக் கர்நாடகம் அதையே ‘வித்யாகம’ என்ற பெயரில் அரசுத் திட்டமாக நடத்தி, தொற்றுச் செய்திகள் வந்ததும் 2020 அக்டோபரில் நிறுத்திவிட்டது. கல்வித் தொலைக்காட்சியிலும் குறையொன்றும் பெரிதாக இல்லை, பாடங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற ஆசிரியருக்கு, எதிரே இருக்கிற பிள்ளைக்கு ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் வித்தியாசம் தெரிந்ததா என்று எப்படித் தெரியும்?

திறப்பு அறிவிப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2020 நவம்பர் 16 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைத் திறப்பதாக அரசு சொன்னது. நவம்பர் 9இல் பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டது. பலர் தயங்கினார்கள், எதிர்க்கட்சிகளும் அவசரம் வேண்டாம் என்றன. 12ஆம் தேதி திறப்பு ரத்து. பிறகு 2021 ஜனவரி 19இல் 10, 12. பிப்ரவரி 8இல் 9, 11. பிப்ரவரி 25இல் 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ். மார்ச் 22இல் அவ்வகுப்புகளுக்கு மீண்டும் மூடல். ஏப்ரலில் தேர்தல், அதையொட்டி இரண்டாம் அலை. செப்டம்பர் 1இல் 9 முதல் 12. நவம்பர் 1இல்தான் 1 முதல் 8. இந்த ஓராண்டுப் பட்டியலில் ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்போது பள்ளி என்று கடைசி வரிக்கு முன்னால் யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களும் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்தான்.

பெரியவர்களை முதலில் அழைத்ததற்கு ஒரு வாதம் சொல்லப்பட்டது: சின்னக் குழந்தைகள் முகக்கவசம் போடமாட்டார்கள், இடைவெளி விட்டு உட்காரமாட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தொற்றியல் சொன்னது நேர்மாறு. வளரிளம் பிள்ளைகளைவிடச் சிறு குழந்தைகளுக்குத் தொற்றும் வேகம் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருந்தன. 2021 ஜூலை 20 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவாவே, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அதே நாளில் வெளியான நான்காவது தேசியக் குருதி ஆய்வில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதம் பேருக்கும் கொரோனா எதிர்ப்புப் பொருள் இருந்தது. இவர்களில் சிறியவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு மேல் பள்ளிக்கே போகாத பிள்ளைகள். பள்ளியைப் பூட்டியும் கிருமி வீட்டுக்கு வந்துபோய்விட்டது. பார்கவா பேசியதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் முதலில் திறந்தது ஒன்பது முதலான வகுப்புகள்தான்.

காரணம் கிருமியல்ல, பொதுத்தேர்வு. ஒன்றாம் வகுப்பில் ‘அ’ எழுதாமல் போனால் எந்தப் பட்டியலிலும் தெரியாது. பிளஸ் டூ தேர்வு தள்ளிப்போனால் நாளிதழ் முதல் பக்கத்தில் தெரியும். தேர்வை மையமாக வைத்த நாடுகள் பலவும் இப்படித்தான் நடந்துகொண்டன. உலகிலேயே அதிக நாள் பள்ளிகளை மூடிவைத்த உகாண்டா 2020 அக்டோபரில் இறுதித் தேர்வு வகுப்புகளை மட்டும் அழைத்தது. எல்லாருக்குமாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்று. இலங்கை 2020 ஜூலையில் முதலில் அழைத்தது 5, 11, 13ஆம் தரங்களை. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என மூன்றுமே பரீட்சை வகுப்புகள். ஆனால் இலங்கை அடுத்த ஆண்டு வேறு பாடம் காட்டியது. சம்பள முரண்பாட்டை எதிர்த்து ஆசிரியர்கள் 2021 ஜூலையில் ஆன்லைன் கற்பித்தலை நிறுத்தியிருந்த நிலையில், சிக்னல் தேடிக் குன்றேறிய பிள்ளைகளின் படங்கள் உலகைச் சுற்றிவந்த பிறகு, அக்டோபர் 21 அன்று அந்நாடு முதலில் திறந்தது 200 மாணவருக்குக் குறைவான பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளை. அந்த ஒரு முடிவில் இலங்கை நம்மைவிடச் சரியாக யோசித்தது.

தேர்வுக்காக எடுத்த முடிவுகள் தேர்வெழுதும் பிள்ளைகளையும் காப்பாற்றவில்லை என்பது இன்னும் கசப்பு. 2020 பத்தாம் வகுப்புத் தேர்வு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், ஜூன் 9 அன்று ரத்தானது. 2021இல் பத்தாவதும் ஆல் பாஸ், பிளஸ் டூ தேர்வும் ரத்து. அப்படி 2021இல் பத்தாம் வகுப்பில் தேறிய அணி 2023 மார்ச்சில் பிளஸ் டூ எழுத வந்தபோது, முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவே இல்லை. பெயர் பதிவேட்டில் இருந்தது. பிள்ளை பனியன் கம்பெனியிலோ கட்டட வேலையிலோ கல்யாணம் முடிந்த வீட்டிலோ இருந்திருக்கலாம். பாஸ் போட்டவர்கள், பாஸ் ஆனவர்கள் பள்ளியில் இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை.

தனியார் பள்ளிகளில் ஆன்லைன் வகுப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வகுப்பு நடக்கிறது என்றால்தான் ஃபீஸ் கேட்க முடியும். 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், கட்டணத்தில் 40 சதவீதத்தை முதலிலும் 35 சதவீதத்தைப் பள்ளி திறந்த பின்னும் வாங்கலாம் என்று வழி சொன்னது. கட்ட முடியாத குடும்பங்கள் அரசுப் பள்ளிக்கு நகர்ந்தன. நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிச் சேர்க்கை 2018இல் 64.3 சதவீதமாக இருந்து 2021இல் 70.3 ஆனது. தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் பாதிச் சம்பளத்திலும் சம்பளமே இல்லாமலும் ஜூம் முன்னால் உட்கார்ந்தார்கள்.

அரசு ஆசிரியர்கள் மேல் ஒரு பழிச்சொல் உண்டு, ‘வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்கள்’ என்று. உத்தரப் பிரதேசத்தில் 2021 பஞ்சாயத்துத் தேர்தல் பணிக்குப் போய் இறந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் 1,621 பேர் என்று அங்குள்ள சங்கம் பட்டியல் கொடுத்தது. அரசு முதலில் ஒப்புக்கொண்டது மூன்று பேரை. வகுப்பறைக்கு அனுப்ப ஆபத்தானவராகத் தெரிந்த ஆசிரியர், வாக்குச்சாவடிக்கு அனுப்ப ஆபத்தில்லாதவராகத் தெரிந்திருக்கிறார்.

ஈடுகட்டியது எது

நல்ல சேதி ஒன்று உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலிருந்தே. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன்பே, 2019இல், அதே ஊர்களில் அவர்கள் எடுத்துவைத்த கணக்கு இருந்தது என்பதால் இந்த ஆய்வுக்கு உலக அளவில் மதிப்பு. 2021 டிசம்பரில் சோதித்தபோது, 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் 0.7 திட்டவிலக்கமும் தமிழில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். புரியும்படி சொன்னால், நூறு பேர் வரிசையில் நடுவில் நின்றிருக்க வேண்டிய பிள்ளை, கணக்கில் கீழிருந்து 24ஆம் இடத்துக்குப் பக்கத்திலும், தமிழில் 37ஆம் இடத்துக்குப் பக்கத்திலும் போய் நின்றது. தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்; கடன் வாங்கிக் கழித்தலை எந்த வீட்டில் பேசுவார்கள்?

பள்ளி திறந்து ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மூடியிருந்தபோது அதிகம் இழந்தவர்கள் எளிய வீட்டுப் பிள்ளைகள்; திறந்த பிறகு வேகமாக மீண்டவர்களும் அவர்களே. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று ஆய்வு கணக்கிட்டது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், மாலை ஐந்து முதல் ஏழு வரை தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. நாடளவிலும் மீட்சி தெரிகிறது. ஏசர் கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 27.3 சதவீதம், 2022இல் 20.5, 2024இல் 27.1. பழைய இடத்துக்கு வந்தாயிற்று. பழைய இடமே மெச்சத்தக்கதல்ல என்பது வேறு.

இல்லம் தேடிக் கல்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் எளிமை. அதில் பிள்ளைக்குச் செயலி வேண்டாம், டேட்டா வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள், ஒரு திண்ணை, இருபது பிள்ளைகள் போதும். இதை 2020 ஆகஸ்டில், திறந்தவெளியில், சிறு குழுக்களாகத் தொடங்கியிருக்க முடியாதா? டென்மார்க் ஏப்ரலிலேயே மரத்தடியில் பாடம் நடத்தியதே. அங்கே குளிர், நமக்கு அந்தத் தடையும் இல்லை.

இதையெல்லாம் வைத்துத் தொலைவழிக் கல்வி என்பதே வீண் என்று முடிவுகட்டவும் கூடாது. போட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களில் நடந்த சோதனை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வீடுகளுக்குக் கணக்குப் பாடங்களைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். சில வீடுகளுக்கு அதோடு வாரம் ஒருமுறை ஆசிரியர் போனில் பேசினார். வெறும் குறுஞ்செய்தியால் பலனில்லை. பேசிய வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், 0.12 திட்டவிலக்கம். பட்டன் போனே போதுமானதாக இருந்தது. நம்மிடம் ஆசிரியர் இருந்தார், மாணவர் வீட்டு எண்ணும் இருந்தது. நாம் வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் அனுப்பினோம். மாற்றுத்திறனாளி மாணவர் சிலருக்கும், வகுப்பில் கேலிக்கு ஆளாகி ஒடுங்கிய பிள்ளைகளுக்கும், தானாகப் படிக்கும் பழக்கமுள்ள மேல்நிலை மாணவர்களுக்கும் வீட்டுப் படிப்பு ஒத்துவந்ததும் உண்டு.

பள்ளி தருவது பாடம் மட்டுமல்ல என்பதை விளக்கத் தமிழ்நாட்டு வாசகருக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. மூடல் காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குத் தந்தார்கள். தந்தது நல்லதே. ஆனால் வீட்டுக்கு வந்த அரிசி வீட்டிலுள்ள எல்லாருக்குமான உலையில் விழும். பள்ளியில் போட்ட சோறும் முட்டையும் அந்தப் பிள்ளையின் தட்டில் விழும்.

விவாதம் முடிந்துவிட்டதா? 2023 செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோட்டில் பள்ளிகள் மூடி ஆன்லைனுக்குப் போயின. டெல்லியில் பல நவம்பர்களில் புகைமூட்டம் கூடியதும் வகுப்புகள் வீட்டுக்கு மாறுகின்றன. அங்கும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள். நச்சுக்காற்றுக்குக் குழந்தை நுரையீரல் எளிதில் இரையாகும் என்பதால் அங்கே அது சரியாகவே இருக்கலாம். கொரோனாவுக்கு அது தவறாக இருந்தது. எந்த ஆபத்து யாரைத் தாக்குகிறது என்று பார்த்துத்தான் வரிசையை முடிவுசெய்ய வேண்டும். அடுத்த கிருமி குழந்தைகளையே குறிவைத்துத் தாக்கினால், நான் இங்கே எழுதிய வரிசை தலைகீழாக மாறவேண்டியதுதான்.

அப்படியொரு நாள் வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டிய விதிகள் சில உண்டு. மூடினால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, எந்தத் தொற்று அளவில் திறப்பு, எந்த வகுப்பு முதலில், ஆசிரியருக்கு என்ன பாதுகாப்பு, ஊருக்குள் யார் திண்ணை வகுப்பு எடுப்பது. இவற்றைக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து நள்ளிரவில் வரும் அறிவிப்புக்கு விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசியபின், ஒன்றாம் வகுப்புக்கு எப்போது, எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.